பிரிட்டனில் மாணவர் விசாவோடு பிள்ளைகளை மலைநடைக்கு அழைத்துப்போகும் பகுதிநேர வேலை: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

பிரிட்டனுக்குப் படிக்க வரும் நம்மவர்கள் பெரும்பாலும் உணவகம், சூப்பர் மார்க்கெட், முதியோர் இல்லம் என்ற மூன்றுக்குள்தான் பகுதிநேர வேலை தேடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை மலைநடைக்கும் கூடாரத் தங்கலுக்கும் கூட்டிப்போக இங்கே வார இறுதிகளில் ஆள் தேவைப்படுகிறது, அதற்குச் சம்பளமும் உண்டு என்பது வந்த புதிதில் தெரிவதில்லை. தெரிந்த பிறகு எங்கே தொடங்குவது என்று தேடினால், எல்லாரும் சான்றிதழில் தொடங்கச் சொல்வார்கள். இந்த நாட்டுக் குடிமக்களுக்கு அது சரி. மாணவர் விசாவில் இருப்பவர் விசாவில் தொடங்க வேண்டும், பயிற்சிக்குப் பணம் கட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம். அந்த வரிசையில்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஊதிய விவரம் 2026 ஏப்ரல் நிலவரப்படி. கட்டணங்கள் அவ்வப்போது ஏறும், கட்டும் முன் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. விசா விதியை முழுசாகப் படியுங்கள்

இளங்கலை, முதுகலை மாணவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். இது எல்லாருக்கும் தெரியும். மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறு.

வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 28, அடுத்த வாரம் 12, சராசரி 20தானே என்ற கணக்கு செல்லாது. எத்தனை இடத்தில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்த்துத்தான் 20. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை பிள்ளைகளோடு இருந்தால் அங்கேயே 20 தீர்ந்தது. அந்த வாரம் பெட்ரோல் பங்கில் ஒரு ஷிஃப்ட்கூட எடுக்க முடியாது.

அடுத்தது, இந்தத் துறையின் பெரிய கண்ணி: மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. மலைநடைக்கு ஆள் எடுக்கும் சிறு நிறுவனங்கள் நிறையப் பேரை ஃப்ரீலான்ஸாகத்தான் வைத்துக்கொள்கின்றன. விளம்பரத்தில் அந்தச் சொல் இல்லாமலே இருக்கலாம். ‘நாள் கூலி இவ்வளவு’, ‘மாதக் கடைசியில் இன்வாய்ஸ் அனுப்புங்கள்’, ‘யு.டி.ஆர். எண் (சுயதொழில் செய்பவர் வாங்கும் வரி எண்) இருக்கிறதா’, ‘சொந்தமாகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்’ என்று வந்தால் அது சுயதொழில்தான். எனக்கு வந்த முதல் அழைப்பே அப்படிப்பட்டது. ‘நீ மாணவன்தானே, ஒன்றும் ஆகாது, எல்லாரும் செய்கிறார்கள்’ என்று அன்பாகத்தான் சொன்னார்கள். விசா போனால் போவது அவர்களுடையது இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: “என்னை பேரோலில், அதாவது நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் ஊழியராக, சேர்ப்பீர்களா?” ஆம் என்றால் மேலே பேசுங்கள். மணிக்கணக்கு நிச்சயமில்லாத ஜீரோ அவர் ஒப்பந்தமாக இருந்தாலும், பேரோலில் இருந்தால் பரவாயில்லை.

மூன்றாவது, தொழில்முறை விளையாட்டு வீரராகவும் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் வேலை செய்ய மாணவர் விசாவில் தடை இருக்கிறது. பிள்ளைகளை ஒரு பாதையில் பத்திரமாக நடத்திக் கூட்டி வருவதும், பாறையேற்றமோ கயாக்கோ கற்றுக்கொடுத்துக் கோச் என்ற பெயரில் சம்பளம் வாங்குவதும் இந்த விதியின் கண்ணில் ஒன்றில்லை. வேலையின் பெயரிலும் விவரத்திலும் கோச் என்ற சொல் வந்தால் கவனம். எந்த வேலையானாலும் கையெழுத்துப் போடும் முன், வேலை விவரத்தைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசனைப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சேவை இலவசம். நேரில் போய்க் கேட்டால் நன்றாகவே பேசுவார்கள், ஆனால் வாய்ச்சொல் பிறகு கைகொடுக்காது.

நான்காவது, கோடை. இளங்கலை மாணவருக்குக் கோடை விடுமுறை உண்மையிலேயே விடுமுறை, முழுநேரம் வேலை செய்யலாம். ஓராண்டு எம்.எஸ்சி. படிப்பவருக்கு அப்படியில்லை. வகுப்பு முடிந்திருந்தாலும் ஆய்வேடு எழுதும் மாதங்கள் பாடக் காலமாகவே கணக்காகும். ஜூலையில் வளாகமே காலியாகக் கிடக்கும், உங்களுக்கு மட்டும் அதே 20 மணி நேரம். நம்மவர்களில் எம்.எஸ்சி. படிப்பவர்கள்தான் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: ‘கோடைக்கால முகாம், ஆறு வாரம், தங்குமிடம் சாப்பாடு இலவசம்’ என்ற விளம்பரங்கள் எம்.எஸ்சி. மாணவர்களுக்கானவை இல்லை.

2. எந்த வேலை உங்களுக்குத் தோதாகும்

டியூக் ஆஃப் எடின்பரோ விருது என்று ஒன்று இங்கே பள்ளிகளில் நடக்கிறது. சுருக்கமாக டி ஆஃப் இ என்பார்கள். 14 வயதிலிருந்து 24 வயது வரை சேரலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி, ஒவ்வொன்றிலும் மலைநடைப் பயணம் ஒரு பகுதி. வெண்கலத்துக்கு 2 நாள் 1 இரவு, வெள்ளிக்கு 3 நாள் 2 இரவு, தங்கத்துக்கு 4 நாள் 3 இரவு. பிள்ளைகள் நாலிலிருந்து ஏழு பேர் கொண்ட குழுவாக, வரைபடம் பார்த்துத் தாங்களே நடக்க வேண்டும். நீங்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவதில்லை. குறித்த இடங்களில் காத்திருந்து, வந்து சேர்ந்தார்களா, கால் கொப்புளித்ததா, தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். மழையில் மணிக்கணக்காக ஒரு வேலிக்கதவருகே நிற்பதும் இந்த வேலையில் பெரும்பகுதி. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

மாணவருக்குப் பொருந்துவது வெண்கலம்தான். சனி, ஞாயிறுக்குள் முடிந்துவிடும். தங்கம் நான்கு நாள் என்பதால் பாடக் காலத்தில் 20 மணி நேரத்துக்குள் அடங்காது. வெள்ளியும் இழுபறி. இரவுத் தங்கலில் எத்தனை மணி நேரம் வேலையாகக் கணக்காகும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இது தவிர, நகருக்குள்ளேயே இருக்கும் ஏறுசுவர்க் கூடங்களில் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்துகளுக்குக் கயிறு பிடிக்க ஆள் எடுப்பார்கள். கயிற்றுப் பாலம், வில்வித்தை வைத்திருக்கும் மையங்கள் தாங்களே பயிற்சி கொடுத்து, தங்கள் இடத்தில் மட்டும் செல்லும்படி அனுமதி தரும். வாசல்வரை பஸ் போகும் மையமாக இருந்தால் இவை நல்ல தொடக்கம்.

நிறுவனத்தையும் ஒரு முறை சோதியுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களை, பணம் வாங்கிக்கொண்டு, ஒதுக்குப்புறமான மலைக்கோ பாறையேற்றத்துக்கோ நீர் விளையாட்டுக்கோ குகைக்கோ கூட்டிப்போகும் நிறுவனம் சாகச நடவடிக்கைகளுக்கான உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். பள்ளிகள் தங்கள் சொந்த மாணவர்களுக்கு நடத்தும்போதும், தன்னார்வச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு நடத்தும்போதும் இது தேவையில்லை.

3. காவல் சான்று: இதற்குத்தான் நாள் பிடிக்கும்

பிள்ளைகளோடு வேலை என்றால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டி.பி.எஸ். என்னும் பின்னணிச் சோதனை உண்டு. ஸ்காட்லாந்தில் அதன் பெயர் பி.வி.ஜி., வட அயர்லாந்தில் அக்சஸ் என்.ஐ. ஓரிடத்துச் சான்று மற்ற இடத்தில் செல்லாது.

உங்களுக்குத் தேவைப்படுவது ‘என்ஹான்ஸ்டு’ வகை. அதை நிறுவனம்தான் உங்களுக்காக விண்ணப்பிக்கும். இணையத்தில் ‘நீங்களே எடுத்துக்கொள்ளலாம்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் ‘பேசிக்’ வகை. இந்த வேலைக்கு அது உதவாது, வாங்காதீர்கள். என்ஹான்ஸ்டு சோதனைக்கு அரசுக் கட்டணம் 2024 டிசம்பரிலிருந்து 49.50 பவுண்டு. நல்ல நிறுவனம் தானே கட்டும். தன்னார்வலருக்கு இலவசம்.

நம்மவர்களுக்குத் தாமதம் ஆவது இரண்டு விஷயங்களில்.

ஒன்று, முகவரி. கடந்த ஐந்து ஆண்டு முகவரிகளும் தேதியோடு, இடைவெளி இல்லாமல் வேண்டும். ஊர் வீடு, கல்லூரி விடுதி, சென்னையிலோ பெங்களூரிலோ நண்பர்களோடு எடுத்த அறை, இங்கே வந்து முதலில் தங்கிய தற்காலிக அறை எல்லாம் சேர்த்தி. ‘அது நாலு மாசம்தானே’ என்று விட்டால் படிவம் திரும்பி வரும். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, பெயர். நம் இனிஷியல் பழக்கம் இங்கே யாருக்கும் புரியாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், பட்டச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக இருக்கும், வங்கிக் கணக்கில் இரண்டும் இடம் மாறியிருக்கும். எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே வரிசையில் எழுதுங்கள். வேறு வடிவம் எங்காவது இருந்தால் ‘பிற பெயர்கள்’ என்ற கட்டத்தில் போடுங்கள். வங்கி அறிக்கையில் பெயர் மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், முகவரிச் சான்றாகக் காட்டப்போவது அதைத்தான்.

டி.பி.எஸ். இந்த நாட்டுப் பதிவுகளை மட்டும் பார்க்கும். அதனால் பல நிறுவனங்கள் சொந்த நாட்டுக் காவல் சான்றையும் கேட்கும். இந்தியாவில் இருக்கும்போதே பாஸ்போர்ட் சேவா வழியாக பி.சி.சி. எடுத்தால் 500 ரூபாய்தான். இங்கே வந்தபின் தூதரகச் சேவை மையம் வழியாக எடுத்தால் செலவும் அலைச்சலும் கூடும். இன்னும் விமானம் ஏறாதவர்கள் எடுத்துக்கொண்டே வாருங்கள். இலங்கையிலிருந்து வருபவர்கள் இலங்கைப் பொலிஸ் தரும் அனுமதிச் சான்றிதழை இதேபோல் கையோடு வைத்திருப்பது நல்லது.

டி.பி.எஸ். சான்றில் போட்டிருக்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அதன் அப்டேட் சேவையில் பதிவு செய்யுங்கள். ஆண்டுக் கட்டணம் உண்டு, ஆனால் அடுத்த நிறுவனத்துக்குப் போகும்போது அதே சான்றைக் காட்டலாம். 30 நாள் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

4. முதலுதவி

16 மணி நேர வெளிப்புற முதலுதவிப் பயிற்சி, அதாவது இரண்டு நாள். 150லிருந்து 200 பவுண்டு வரை ஆகும், மூன்று ஆண்டு செல்லும். அலுவலக முதலுதவிப் பயிற்சி விலை குறைவு என்று எடுத்தால் இங்கே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆம்புலன்ஸ் வரப் பல மணி நேரம் ஆகும் இடத்தில் என்ன செய்வது என்பதுதான் வெளிப்புறப் பயிற்சியின் சாரம். பல்கலைக்கழக மலையேறும் சங்கங்கள் சில சமயம் உறுப்பினர்களுக்குப் பாதி விலையில் நடத்தும், விசாரியுங்கள்.

5. மலைநடைச் சான்றிதழ்: எது வேண்டும், எது வேண்டாம்

மவுண்டன் ட்ரெயினிங் என்ற அமைப்புதான் இங்கே மலைநடைச் சான்றிதழ்களை நடத்துகிறது. மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

லோலேண்ட் லீடர், சமவெளிக் கிராமப் பாதைகளுக்கு. வரைபடத்திலும் இருக்க வேண்டும், தரையிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அப்படிப்பட்ட பாதைகளில் மட்டும் கூட்டிப்போகலாம். பயிற்சி 2 நாள், தேர்வு 2 நாள். வெண்கல டி ஆஃப் இ பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான் நடக்கும்.

ஹில் அண்ட் மூர்லேண்ட் லீடர், மரமில்லாத திறந்த மேட்டு நிலங்களுக்கு. பயிற்சி 3 நாள், தேர்வு 3 நாள். பயிற்சிக்கு முன் குறைந்தது 20 நடைகள், தேர்வுக்கு முன் 40 நடைகள் உங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

மவுண்டன் லீடர், ஸ்னோடோனியா, லேக் டிஸ்ட்ரிக்ட் போன்ற மலைகளுக்கு. பயிற்சி 6 நாள், தேர்வு 5 நாள், இதற்கும் 20, 40 கணக்கு உண்டு. ஓராண்டுப் படிப்பின் நடுவே இதை முடிக்க நினைப்பது வீண் செலவு. அடுத்த இரண்டு ஆண்டு இங்கே இருக்கப்போவது உறுதியான பிறகு யோசியுங்கள்.

எம்.எஸ்சி. மாணவருக்கு என் சிபாரிசு லோலேண்ட் லீடர். அதிலும் பயிற்சியை முடித்துவிட்டு, தேர்வுக்குப் பணம் கட்டும் முன் வேலைக்கு விண்ணப்பியுங்கள். பயிற்சி முடித்தவரை உதவியாளராகப் பேரோலில் எடுத்துக்கொண்டு, தேர்வுச் செலவில் பங்கு தரும் இடங்கள் உண்டு. பதிவு, பயிற்சி, தேர்வு மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம். பயிற்சி நடத்துபவரைப் பொறுத்து விலை மாறும், மொத்தம் சில நூறு பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடைப் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன், கொழுக்குமலை போயிருக்கிறேன் என்று நம்மவர்கள் நம்பிக்கையோடு வருவார்கள். கால் வலு அதில் தெரியும், சரி. ஆனால் இவர்கள் பார்ப்பது நீங்களே திட்டமிட்டு, நீங்களே வரைபடமும் காம்பஸும் வைத்து வழி கண்டுபிடித்த நாட்களை. கூட்டத்தோடு கூட்டமாக ஏறியதும் வழிகாட்டியின் பின்னால் போனதும் இதில் சேராது. இங்கே வந்த முதல் மாதமே பல்கலைக்கழக மலைநடைச் சங்கத்தில் சேருங்கள். சந்தா குறைவு, வேன் ஏற்பாடு செய்வார்கள், பூட்ஸிலிருந்து கூடாரம் வரை இரவல் கிடைக்கும். ஒவ்வொரு நடையையும் அன்றிரவே மவுண்டன் ட்ரெயினிங்கின் இணையப் பதிவேட்டில் ஏற்றுங்கள்: எங்கே, எவ்வளவு தூரம், வானிலை எப்படி, வழி தவறியது எங்கே. மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் எல்லா மலையும் ஒன்றுபோலவே இருக்கும்.

தேர்வில் நேரக் கணக்கு நிச்சயம் வரும். மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம் கூடுதல் என்பது பாடப்புத்தகக் கணக்கு. முதுகில் மூட்டை சுமக்கும் 14 வயதுப் பிள்ளைகளுக்கு மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்தால்தான் பொழுது சாய்வதற்குள் கூடாரம் அடிக்க முடியும்.

6. தன்னார்வப் பணி: இலவசம் என்றாலும் கவனம்

ஸ்கவுட்ஸ் (சாரணர் இயக்கம்) போன்ற அமைப்புகளில் தன்னார்வலராகச் சேர்ந்து அனுபவம் சேர்ப்பது நல்ல வழி. ஆனால் விசா விதி இரண்டு வகையைப் பிரிக்கிறது. ஒப்பந்தமில்லாமல், கட்டாயமில்லாமல், தொண்டு அமைப்புக்குச் செய்யும் உதவி 20 மணி நேரத்தில் சேராது. ஒரு நிறுவனம் ‘சம்பளம் கிடையாது, அனுபவம் கிடைக்கும், இந்தத் தேதிகளில் கட்டாயம் வர வேண்டும்’ என்றால் அது ஊதியமில்லாத வேலை, 20இல் சேரும். இப்படிக் கேட்கும் நிறுவனங்களைத் தவிர்ப்பதே நல்லது. சம்பளமும் இல்லை, மணி நேரமும் போகும்.

7. பொருட்கள்

முதல் சம்பளம் வரும்வரை வாங்க வேண்டியது மூன்றுதான்: காலுக்குப் பழகிய பூட்ஸ், உண்மையிலேயே நீர் புகாத மேல்சட்டையும் கால்சட்டையும், காம்பஸ். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. மற்றதெல்லாம் இரவல் வாங்கலாம். 1:25,000 அளவு ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் பல பொது நூலகங்களில் கிடைக்கும்.

அவசரத்துக்கு 999 அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேட்க வேண்டும். மலையில் பேசும் அளவுக்கு சிக்னல் இல்லாதபோதும் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு முன்பதிவு தேவை: ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி 999க்கு அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி செய்யுங்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் செய்துவிடலாம்.

8. எப்போது எதைச் செய்வது

டி ஆஃப் இ பயணங்கள் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. ஆள் எடுப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதம் விண்ணப்பித்தால் மிஞ்சியதுதான் கிடைக்கும்.

செப்டம்பரில் வருபவர் டிசம்பர் வரை சங்கத்தோடு நடந்து பதிவேட்டை நிரப்பலாம். ஜனவரியில் முதலுதவி, பிப்ரவரியில் லோலேண்ட் பயிற்சி, கூடவே விண்ணப்பங்கள். டி.பி.எஸ். சில நாளிலும் வரலாம், பல வாரமும் இழுக்கலாம், ஆகவே வேலை உறுதியான அன்றே தொடங்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பல்கலைக்கழகத் தேர்வுகள் இருக்கும் மே மாதம்தான் இந்த நிறுவனங்களுக்கும் நெருக்கடி நேரம். எந்த வார இறுதிகளில் வர முடியாது என்பதை மார்ச்சிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஒப்புக்கொண்டுவிட்டு முந்தின நாள் கைவிரித்தால் அடுத்த அழைப்பு வராது. குழுவுக்கு ஓர் ஆள் குறைந்தால் பயணமே நின்றுபோகலாம்.

விண்ணப்பத்தோடு கேட்கும் காகிதங்கள்: வேலை அனுமதிக்கான ஷேர் கோடு (அரசுத் தளத்தில் நீங்களே எடுப்பது, 90 நாள் செல்லும்), பல்கலைக்கழகம் தரும் பாடக் கால, விடுமுறைத் தேதிகளின் கடிதம், முதலுதவிச் சான்று, இரண்டு பரிந்துரையாளர்கள். பரிந்துரையாளர்களில் ஒருவர் உங்களைப் பிள்ளைகளோடு பார்த்தவராக இருந்தால் நல்லது. ஊரில் என்.எஸ்.எஸ். முகாம் நடத்திய பேராசிரியரும் ஆகலாம், அவருக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும், ஜிமெயிலை ஏற்கத் தயங்குவார்கள்.

நேர்காணலில் பிள்ளைகள் பாதுகாப்பு பற்றி ஒரு கேள்வி நிச்சயம். ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலையைத் தவிர்ப்பது, சொந்த எண்ணையும் இன்ஸ்டாகிராமையும் தராமல் இருப்பது, படம் எடுக்கும் முன் அனுமதி, பிள்ளை ஏதாவது ரகசியம் சொன்னால் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காமல் பொறுப்பாளரிடம் தெரிவிப்பது. கடைசியானது நம் வளர்ப்புக்கு முரண்போலத் தோன்றும், இங்கே அதுதான் கடமை. இன்னொன்று, பிள்ளைகள் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டால் முதல் நாளே சோர்ந்துபோவீர்கள்.

எப்படிப் போவது என்றும் கேளுங்கள். பல முகாம்களுக்கு ஞாயிறு காலையில் பஸ் கிடையாது, ரயில் நிலையத்திலிருந்து கூட்டிப்போவார்களா என்பது சம்பளத்துக்கு அடுத்த முக்கியமான கேள்வி. உங்களிடம் கார் லைசென்ஸ் இருப்பது தெரிந்து, பிள்ளைகளை ஏற்றிய மினிபஸ்ஸை ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதற்கு வேறு தகுதி வேண்டும்.

9. சம்பளம்

2026 ஏப்ரலிலிருந்து 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு, 18 முதல் 20 வயது வரை 10.85. நாள் சம்பளமாகப் பேசினால் மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். ‘நாளுக்கு 90 பவுண்டு’ என்றால் கேட்க நன்றாக இருக்கும். பத்து மணி நேர நாள் என்றால் மணிக்கு 9தான், சட்டப்படி அது போதாது. காலையில் பொருட்களை வண்டியில் ஏற்றுவதும், மாலையில் ஈரக் கூடாரங்களை உலர்த்துவதும் வேலை நேரம்தான், அதையும் சேர்த்து வகுங்கள்.

வேலை செய்பவர்களுக்கு அரசு தரும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணுக்கு அரசுத் தளத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். அந்த எண் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கலாம், ஷேர் கோடு இருந்தால் போதும். எண் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். முதல் நாள் தரும் ஸ்டார்ட்டர் படிவத்தில் வேறு வேலை இருக்கிறதா என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் போடுங்கள், இல்லாவிட்டால் தேவையில்லாமல் வரி பிடிப்பார்கள். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி கிடையாது, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம். மணிக்கணக்கு நிலையில்லாத வேலையிலும் விடுமுறை ஊதியம் உண்டு, உழைத்த நேரத்தில் 12.07 சதவீதம் என்ற கணக்கில். சம்பளச் சீட்டில் அது தனி வரியாக இல்லையென்றால் கேளுங்கள். சீட்டுகளை எல்லாம் சேமித்து வையுங்கள், எந்த வாரம் எத்தனை மணி நேரம் என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அவைதான்.

10. படிப்பு முடிந்த பிறகு

படிப்பு அதிகாரப்பூர்வமாக முடியும் தேதிக்குப் பிறகு, மாணவர் விசா காலாவதியாகும்வரை முழுநேரம் வேலை செய்யலாம். சுயதொழில் தடை அப்போதும் தொடரும். படிப்பை முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசாவுக்கு மாறியபின் ஃப்ரீலான்ஸாக வேலை எடுக்கலாம், இன்வாய்ஸும் அனுப்பலாம். தொழில்முறை விளையாட்டு வீரர், பயிற்சியாளர் தடை மட்டும் அங்கேயும் உண்டு. முதலில் ‘பேரோல் கிடையாது’ என்று சொன்ன நிறுவனங்களுக்கு மறுபடி எழுத வேண்டிய நேரம் அதுதான். அப்போது காப்பீடும் யு.டி.ஆர். எண்ணும் நீங்களே எடுக்க வேண்டும், வரியையும் நீங்களே கணக்குக் காட்ட வேண்டும்.